நாலு வட்டச் சிவப்பு விளக்கு

ஞாயிறு காலை ஐந்தே முக்கால் மணி. திருவான்மியூர் சிக்னல். பூக்காரம்மா வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருக்கிறார். டீக்கடையில் முதல் பால் பொங்குகிறது. மருந்தீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகச் சாலையைக் கடக்கிறார்கள். அடையாற்றிலிருந்து எல்.பி. சாலை வழியாக வருகிற வண்டிகள் இங்கே நின்றுதான் தெற்கே போக வேண்டும். கொட்டிவாக்கம், நீலாங்கரை, முட்டுக்காடு, மாமல்லபுரம், புதுச்சேரி என்று நீளும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இதுதான் வாசற்படி.

டீக்கடை ஓரம் மூன்று பையன்கள். ஒருவன் கழுத்தில் கேமரா, மற்ற இருவர் கையில் போன். டீ ஆறிக்கொண்டிருக்கிறது, மூவர் கண்ணும் சாலையை விட்டு நகரவில்லை. நானும் அவர்களோடு நிற்கிறேன்.

சத்தம்தான் முதலில் வந்தது. தொண்டையைக் கனைப்பது மாதிரி தாழ்ந்த குரல். "அண்ணா, ஆர் தர்ட்டி ஃபைவ்!" என்றான் கேமராப் பையன். வண்டி இன்னும் கண்ணிலேயே படவில்லை. சிறிது நேரத்தில் சாம்பல் நிற நிசான் ஜிடி-ஆர் ஒன்று வந்து சிவப்பு விளக்குக்கு நின்றது. பக்கத்தில் நின்று கேட்டால் பின்பக்கத்திலிருந்து லேசாகக் 'கடகட'வென்று ஒரு ஒலி வரும். எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின் சக்கரங்களுக்கு நடுவே என்று பிரித்து வைத்திருக்கும் அமைப்பு அது. தெரியாதவர் ரிப்பேர் என்று நினைப்பார். தெரிந்தவர் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருப்பார்.

"அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

கண்ணாடி இறங்கியது. "எடு தம்பி. நம்பர் பிளேட் மட்டும் தெரியாம பாத்துக்கோ."

பச்சை விழுந்தது. ஜிடி-ஆர் சத்தமில்லாமல் நகர்ந்தது. பின்னால் நாலு வட்டச் சிவப்பு விளக்குகள். 1972-ல் வந்த ஸ்கைலைனில் தொடங்கி இந்தக் குடும்பத்துக்கு நெற்றித் திலகம் மாதிரி வருகிற அடையாளம் அது. அதே நொடியில் எதிர்த்திசையில் வந்த ஒரு பழைய மிட்சுபிஷி லான்சர் ஹெட்லைட்டை இரண்டு முறை சிமிட்டியது. ஜிடி-ஆர்க்காரர் கையைத் தூக்கினார், லான்சர்காரரும் தூக்கினார். ஒரு வண்டியின் விலை கோடிகளில், மற்றதைச் சில லட்சத்துக்கு வாங்கிவிடலாம். இரண்டு பேருக்கும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் வெளியூர் பஸ் ஸ்டாண்டில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மலர்ச்சி இரண்டு முகத்திலும் இருந்தது.

இதற்காகத்தான் இந்தக் கட்டுரை. சென்னைத் தெருக்களில் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய கூட்டம். அந்தக் கூட்டம் இப்போது ஒரு முக்கியமான வயதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதை அடையாளம் கண்டு கைகாட்டுகிறவர்கள் இல்லாவிட்டால், அடுத்த பத்தாண்டில் இவற்றில் பல எடைக்குப் போய்விடும் என்பது என் பயம்.

கண்ணுக்கு வேலை

கார் பார்க்கிறவர்களுக்கு என்று ஒரு பாடத்திட்டமே இருக்கிறது. விளக்குகள் பூமராங் வடிவத்தில் வளைந்திருந்தால் நிசான் 370 இசட். முகப்பு சுறா வாய் மாதிரி திறந்திருந்தால் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் டென்; செல்லமாக 'இவோ'. அதற்கு முந்தைய தலைமுறைகளில்தான் சோதனை அதிகம். சாதாரண லான்சரை இவோ மாதிரி அலங்கரித்து ஓட்டுகிறவர்கள் ஊரில் உண்டு. பம்பர், பின் இறக்கை, போனட் எல்லாம் மாற்றிவிடலாம். அனுபவசாலிகள் குனிந்து சக்கரத்தைத்தான் பார்ப்பார்கள். நம்மூர் பழைய லான்சருக்கு நாலு நட். அதே உடம்பில் ஜப்பானில் உருவான இவோவுக்கு ஐந்து. சக்கரத்துக்கு மேல் உள்ள தகடு வெளியே புடைத்திருக்கிறதா, பம்பர் வாய்க்குள் இன்டர்கூலர் தெரிகிறதா என்று அடுத்தடுத்துப் பார்வை போகும்.

சேசிஸ் எண் இன்னும் நுட்பம். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டிகளில் நாம் பழகிய 17 எழுத்து எண் இருக்காது. முதலில் ஒரு குறியீடு, பிறகு வரிசை எண். ஸ்கைலைன் ஜிடி-ஆர் 1989-ல் வந்த தலைமுறைக்கு பி.என்.ஆர். 32, 1999-ல் வந்ததற்கு பி.என்.ஆர். 34. டொயோட்டா சுப்ராவின் புகழ்பெற்ற தலைமுறை ஜே.இசட்.ஏ. 80. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 என்றால் எஃப்.டி. 3எஸ். இந்தக் குறியீடுகளைப் பையன்கள் பள்ளிக்கூட வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் அந்த வயதில் பஸ் நம்பர் மட்டும்தான் இப்படி மனப்பாடம் செய்திருந்தேன்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? நாற்பதை நெருங்குகிற சென்னைக்காரர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: பிரௌசிங் சென்டர். 2003-ல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட்' விளையாட்டின் அட்டையிலேயே ஸ்கைலைன் ஆர் 34 நின்றது. அதற்கு முன்பே, 2001-ல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படம் ஆரஞ்சு நிற சுப்ராவை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. மின்விசிறி மட்டும் ஓடும் ஓர் அறையில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, கீபோர்டின் அம்புக்குறியால் ஆர்எக்ஸ்-7 ஓட்டிய தலைமுறை இது. அந்தக் காரை நேரில் பார்ப்போம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. அதனால்தான் இன்று சிக்னலில் ஒன்று வந்து நின்றால் முப்பத்தெட்டு வயது மென்பொருள் மேலாளரும் பையனாகிவிடுகிறார்.

ஜப்பான் கார்கள் மீதான இந்தப் பிரியத்துக்குக் காரணம் படமும் விளையாட்டும் மட்டும்தானா என்றால், இல்லை. ஜப்பான் கம்பெனிகள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன: உள்நாட்டில் விற்கும் எந்தக் காரின் சக்தியும் 280 குதிரைச் சக்திக்கு மேல் என்று காகிதத்தில் காட்டக் கூடாது. 1989 வாக்கில் தொடங்கி 2004 வரை அது நீடித்தது. காகிதத்துக்குக் கட்டுப்பட்ட பொறியாளர்கள் எஞ்சினுக்கு உள்ளே கட்டுப்படவில்லை. ஸ்கைலைனின் 2.6 லிட்டர் எஞ்சினும் சுப்ராவின் 3 லிட்டர் எஞ்சினும் அதைவிடப் பல மடங்கு அடி தாங்கும் இரும்போடு வந்தன. நடுத்தர வர்க்கத்து ஆள், சனிக்கிழமை ராத்திரி ஷெட்டில் நண்பர்களோடு உட்கார்ந்து, ஐரோப்பாவின் பெரிய கார்களோடு மோதக்கூடிய வண்டியைத் தன் கையால் உருவாக்கலாம் என்ற நிலை அங்கே வந்தது. பணக்காரர்களின் விளையாட்டாக இருந்த ஒன்று மெக்கானிக்கின் கைக்கு வந்த காலம் அது. எனக்கு இந்த வண்டிகள் பிடிப்பதற்கு முதல் காரணமே அதுதான்.

ஏன் இத்தனை குறைச்சல்?

ஜப்பானிலும் வலப்பக்கம்தான் ஸ்டியரிங், இடப்பக்கம்தான் ஓட்டம். அங்கே ஓடிய வண்டி இங்கே அப்படியே ஓடும். பிறகு ஏன் நம் தெருவில் இவை இல்லை?

சட்டம் விடவில்லை. இந்தியாவுக்குள் பழைய கார் கொண்டுவர வேண்டுமானால், அது செய்யப்பட்டு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். நம்மூரில் துறைமுகம் இருந்தும் பழைய காருக்கு அது வாசல் இல்லை. 2002-ல் உற்பத்தி நின்றுபோன ஸ்கைலைன் ஆர் 34-ஐயோ ஆர்எக்ஸ்-7-ஐயோ இன்று வாங்கிக் கொண்டுவர இந்த விதியில் வழியே கிடையாது. அமெரிக்காவில் நேர் எதிர்: 25 வயதைக் கடந்த கார் என்றால் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு. அதனால்தான் 2024-ல் முதல் ஆர் 34-கள் அங்கே முறையாகப் போய் இறங்கத் தொடங்கின. நமக்குப் பழசானால் கதவு சாத்துகிறது. அவர்களுக்குப் பழசானால் திறக்கிறது.

அப்படியானால் இங்கே ஓடும் பழைய ஜப்பான் வண்டிகள் எப்படி வந்தன? வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவர்கள் குடிபெயர்வுச் சலுகையில் அந்தக் காலத்திலேயே, வண்டி புதிதாக இருக்கும்போதே, வரி கட்டிக் கொண்டுவந்தவை உண்டு. தூதரகங்கள் கழித்துவிட்டவை உண்டு. 'கார்னெ' என்ற தற்காலிக அனுமதியில் ஆறு மாதத்துக்கு வந்து, திரும்பிப் போக வேண்டியவையும் உண்டு. வளைகுடாவிலிருந்து கேரளத்துக்கு இப்படி வண்டிகள் வருவது வழக்கம். நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்குத் துரோகம். 2025 செப்டம்பரில் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் கேரளத்தில் சோதனை நடத்தியபோது, பூட்டான் வழியாகக் கடத்திப் பதிவு செய்யப்பட்டவை என்ற சந்தேகத்தில் பல வண்டிகள் பிடிபட்டன. ஆசைப்பட்டு ஒரு பழைய இறக்குமதி வண்டி வாங்குகிறவர் பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன் சுங்கக் காகிதத்தையும், சேசிஸ் எண்ணையும், ஆர்.சி. புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மூன்றில் ஓர் எழுத்து இடித்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

புது வண்டியைக் கொண்டுவரத் தடையில்லை. பணம் வேண்டும். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள கார் என்றால் சுங்கத்தில் அடிப்படை வரி 70 சதவீதம், வேளாண் உள்கட்டமைப்பு வரி 40 சதவீதம். அதற்குமேல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கப்பலிலிருந்து இறங்கும்போது 50 லட்சம் மதிப்புள்ள வண்டி, திருவான்மியூரில் நம்பர் பிளேட் மாட்டி நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றே முக்கால் கோடி. இந்தக் கணக்கைத் தாண்டி ஒருவர் வாங்குகிறார் என்றால் அது வண்டி மோகம் மட்டும்தான். லாபம் பார்க்கிறவர் செய்யும் காரியம் இல்லை.

கம்பெனிகளே முறையாகக் கொண்டுவந்து விற்றவை என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணலாம். 2010-ல் 370 இசட் வந்தது. அதே ஆண்டு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் மூலமாக இவோ டென் வந்தது. 2016 டிசம்பரில் ஜிடி-ஆர் 1.99 கோடி ரூபாய்க்கு அறிமுகமானது. 3.8 லிட்டர் எஞ்சின், 570 குதிரைச் சக்தி. யோகோஹாமா ஆலையில் 'தகுமி' என்று அழைக்கப்படும் கைதேர்ந்த தொழிலாளர்கள் ஒன்பது பேர்தான் அந்த எஞ்சினைக் கோத்தவர்கள். ஒரு எஞ்சினை ஒருவரே முழுக்கக் கோத்து, தன் பெயர் பொறித்த தகட்டை அதில் பதித்தார். நம்மூர் தச்சர் தேரில் பெயர் வெட்டுவது மாதிரி. அந்த வண்டிக்கு இந்தியாவில் சிறப்புச் சேவை மையம் நொய்டாவில் அமைந்தது. அதே நிசான் கம்பெனி 2010 மார்ச்சில் ஆலை திறந்தது நம் ஒரகடத்தில்!

திருவள்ளூர் லான்சர்

இறக்குமதி வண்டியைப் பற்றிப் பேச வந்தவன் உள்ளூர் வண்டியிடம் வந்து நிற்கிறேன். காரணம் இருக்கிறது.

1998-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சரைச் செய்யத் தொடங்கியது. தாழ்ந்த மூக்கு, மெல்லிய தூண்கள், அளவான பின்புறம். ஃபின்லாந்துக்காரர் டொம்மி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நாலு முறை உலக ராலி சாம்பியன் ஆனார். நாலும் மிட்சுபிஷி இவோவில்தான். அவற்றில் இவோ ஃபோர், ஃபைவ், சிக்ஸ் மூன்றுக்கும் அடிப்படை உடம்பு எது தெரியுமா? திருவள்ளூரில் செய்த அதே தலைமுறை லான்சர். எஞ்சின் வேறு, சக்கர இழுவை வேறு, பிரேக் வேறு. ஆனால் எலும்புக்கூடு ஒரே குடும்பம். மான்டி கார்லோ பனியில் சறுக்கிய வண்டியின் தம்பி, ஆவடி லெவல் கிராசிங்கில் கேட் திறக்கக் காத்து நின்றது.

2006-ல் வந்த மிட்சுபிஷி செடியா அடுத்த தலைமுறை இவோக்களின் சொந்தம். செடியாவை நம்மவர்கள் சும்மா விடவில்லை. இந்திய தேசிய ராலிப் போட்டிகளில் பல ஆண்டுகள் அதன் கொடிதான் பறந்தது. சென்னையில் பிறந்த எம்.ஆர்.எஃப். அணியின் சிவப்பு எழுத்து போட்ட செடியாக்கள் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன படங்கள் இன்னும் பல மெக்கானிக் ஷெட் சுவர்களில் இருக்கின்றன.

அந்த லான்சரும் செடியாவும் ஆலையை விட்டு வெளியே வருவது நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த வளாகத்தில் இப்போது சித்ரோயன் கார்கள் உருவாகின்றன. மிட்சுபிஷி இந்தியக் கார் சந்தையை விட்டே போய்விட்டது. ஆனால் வால்மீகி நகர் சந்துகளிலும், பெசன்ட் நகர் அடுக்குமாடிகளின் தூண்களுக்கு நடுவிலும் கவர் போட்ட லான்சர்கள் இன்னும் நிற்கின்றன. சிக்னலில் ஜிடி-ஆர்க்காரர் கை தூக்கியது இந்த வண்டிக்குத்தான். அந்தப் பெரிய வண்டிக்காரருக்குத் தெரிகிறது, இதன் வேர் எங்கே இருக்கிறது என்று.

மலேசியத் தமிழர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு இது பழைய கதை. அங்கே 1993-ல் வந்த புரோட்டான் விரா, நம் திருவள்ளூர் லான்சருக்கு முந்தைய தலைமுறையின் உடம்பு. அதை வாங்கி இவோ த்ரீ மாதிரி ஆக்குவது கிள்ளானிலும் ஈப்போவிலும் ஒரு தலைமுறையின் பொழுதுபோக்காகவே இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இன்னொரு கதை. அங்கே ஜப்பானில் ஓடிய பழைய கார்தான் குடும்பக் கார். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் அங்கே இருந்த ஒவ்வொரு வண்டியையும் பொத்திப் பொத்தி ஓட்டினார்கள். இருப்பதைக் காப்பாற்றும் கலையை நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

உப்பும் வெள்ளமும்

வண்டி வைத்திருப்பவர்களின் பாட்டைக் கேட்டால் பாதி வானிலை அறிக்கை மாதிரி இருக்கும். திருவான்மியூரில் வீட்டு ஜன்னல் கம்பியே உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் உதிர்கிறது; இருபது வயது லான்சரின் கதவடி என்ன ஆகும்? வாரா வாரம் நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுகிறார்கள், துருத் தடுப்பு எண்ணெய் அடிக்கிறார்கள். மழை வந்தால் வேறு கவலை. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தரையோடு ஒட்டிய வண்டிகளை என்ன செய்தன என்று சென்னைக்குத் தெரியும். அதனால்தான் 2024 அக்டோபரில் கனமழை என்று அறிவிப்பு வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் இரண்டு பக்கமும் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. செல்லப்பிள்ளையை மாடியில் தூங்க வைப்பது மாதிரி. போலீஸ் அபராதம் போடுவார்களோ என்ற பயத்தைக்கூட அந்த இரவு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உதிரிபாகத்துக்கு லான்சர்காரர்களின் கடைசி நம்பிக்கை புதுப்பேட்டை. கழித்த வண்டிகளின் கதவு, கண்ணாடி, டைனமோ, கியர்பாக்ஸ் என்று தெருத் தெருவாகக் குவிந்திருக்கும் இடம். அங்கே கிடைக்காததை மலேசியாவிலிருந்தோ துபாயிலிருந்தோ வருகிற நண்பரின் பெட்டியில் வரவழைக்கிறார்கள். இங்கேதான் சிக்னலில் கைகாட்டிய பழக்கம் காசு பெறுகிறது. ஒருவரிடம் உபரியாக ஒரு ஹெட்லைட், இன்னொருவரிடம் ஒரு கிளட்ச் பிளேட், மூன்றாமவருக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக். தெருவில் பார்த்துப் பழகிய முகங்கள் இல்லாவிட்டால் இந்த வண்டிகளில் பாதி எப்போதோ நின்றிருக்கும்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீனவர் குடும்பங்கள் சாலையைக் கடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். அந்தச் சாலையில் நடந்த விபத்துச் செய்திகளை எழுதிக் கை சலித்தவன் நான். அங்கே பந்தயம் ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு அபூர்வமான வண்டியாக இருந்தாலும், எனக்கு அவர்மேல் மரியாதை இல்லை. இந்த ஊருக்குப் பந்தயத்துக்கென்று தனி இடமும் நீண்ட பாரம்பரியமும் இருக்கின்றன. சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளப் பந்தயப் பாதை இருக்கிறது. கால் அரிக்கிறவர்கள் அங்கே போகட்டும். ஹெல்மெட் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, நடுவில் யாரும் சைக்கிளில் வரமாட்டார்கள்.

சைலென்சரைக் கழற்றிவிட்டு அலறவிடுகிறவர்களுக்கும் ஒரு சேதி. உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாற்றம் செய்த வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்றிதழ் கிடைப்பதில் சிக்கல். இனிமேல் இது அலங்காரப் பிரச்சினையாக இருக்கப் போவதில்லை. வண்டி உயிரோடு இருக்குமா என்பதே இதில்தான் இருக்கிறது.

ஏனென்றால், 2010-ல் வந்த 370 இசட்களுக்கும் இவோ டென்களுக்கும் 15 வயது நிறைந்துவிட்டது. 15 ஆண்டு முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். வண்டியை நேரில் காட்டி எஃப்.சி. வாங்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் சாதாரணக் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதிக் கார் என்று பதிவானதற்கு 40,000. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி, 20 வயதைக் கடந்தால் அது முறையே 10,000-மும் 80,000-மும். பசுமை வரி தனி. புதுப்பித்தால் ஐந்து ஆண்டு ஓடும், பிறகு மறுபடியும் இதே படி ஏற வேண்டும். முதல் லான்சர்கள் 27 வயதைத் தாண்டிவிட்டன. அப்பா வாங்கிய வண்டி, அப்பா போய்விட்டார், பிள்ளை அமெரிக்காவில், ஆர்.சி. காலாவதி என்று நிற்கிற லான்சர்களை இந்தப் பகுதியில் மட்டும் நானே நாலைந்து பார்த்துவிட்டேன். பழைய இரும்புக்காரர் கொடுக்கும் சில ஆயிரத்துக்கு அவை போய்விடும்.

டெல்லியில் 15 வயதுப் பெட்ரோல் கார் என்றாலே நீதிமன்றத் தடை, பறிமுதல் பயம் என்று வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டில் அப்படி வயதுத் தடை இல்லை. வண்டி நல்ல நிலையில் இருந்தால் புதுப்பித்துக்கொண்டே போகலாம். இந்த வசதி கையில் இருந்தும் நாம் அலட்சியத்தால் இழந்தால் குற்றம் நம்முடையது. 2025 ஆகஸ்ட் 26 அன்று ஜப்பானின் டொச்சிகி ஆலையில் கடைசி ஜிடி-ஆர் ஆர் 35 வெளியே வந்தது. 18 ஆண்டில் ஏறக்குறைய 48,000 வண்டிகள். இனி ஒன்றுகூடக் கூடப் போவதில்லை. திருவள்ளூர் லான்சருக்கும் அதே கதிதான்.

எனவே, உங்கள் வீட்டுத் தூண்களுக்கு நடுவே ஒரு லான்சரோ செடியாவோ கவர் போட்டு நின்றால், இன்றைக்கே ஆர்.சி. புத்தகத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஓட்ட விருப்பமில்லை என்றால் எடைக்குப் போடாதீர்கள்; ஞாயிறு காலை திருவான்மியூர் சிக்னல் டீக்கடைக்கு வந்து, கழுத்தில் கேமரா மாட்டிய எந்தப் பையனிடமாவது சொல்லுங்கள். வாங்கிப் பராமரிக்க ஆள் வரிசையில் நிற்பதை அவன் காட்டுவான். வைத்துக்கொள்ள விருப்பம் என்றால் படிவம் 25 நிரப்புங்கள். காலாவதி ஆவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தென் சென்னைக்காரர்களுக்கு டி.என். 07 அலுவலகம் திருவான்மியூரிலேயே இருக்கிறது.